சந்தேகம் வந்தால் யாரிடம் சொல்வது?

வதீமா என்ற பெயர் நம் தமிழ் வீடுகளில் பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. அமீரகத்தில் பிள்ளை வளர்க்கிற எவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டிய பெயர். எட்டு வயது எமிராத்திச் சிறுமி. பெற்றோர் பிரிந்தபின் அவளும் தங்கையும் தந்தையின் பொறுப்பில் வந்தார்கள். தந்தையும் அவருடன் வாழ்ந்த பெண்ணும் இரண்டு பிள்ளைகளையும் துபாயில் ஒரு வீட்டில் அடைத்து வைத்துச் சித்திரவதை செய்தார்கள். 2012-இல் வதீமா இறந்தாள். உடலை ஷார்ஜா பாலைவனத்தில் புதைத்துவிட்டார்கள். தங்கை உடம்பெல்லாம் காயத்தோடு பிழைத்தாள். விசாரணை நீதிமன்றம் தந்தைக்கு மரண தண்டனையும் அந்தப் பெண்ணுக்கு ஆயுள் தண்டனையும் விதித்தது.

நாடே அதிர்ந்தது. அதன் விளைவாக வந்ததுதான் 2016-ஆம் ஆண்டின் 3-ஆம் எண் கூட்டாட்சிச் சட்டம். அதிகாரப்பூர்வமாகக் குழந்தை உரிமைச் சட்டம். மக்கள் வாயில் வதீமா சட்டம். அந்த ஆண்டு ஜூன் மாதம் நடைமுறைக்கு வந்தது.

‘இதெல்லாம் அவங்க நாட்டுப் பிள்ளைகளுக்கு, நமக்கென்ன’ என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படி இல்லை. 18 வயது நிரம்பாத யாரும் இந்தச் சட்டத்தின்முன் குழந்தைதான். எந்த நாடு, எந்த மதம், அப்பா கம்பெனி டிரைவரா மேனேஜரா என்று அது பார்ப்பதில்லை. ஆசிரியர், மருத்துவர், சமூகப் பணியாளர், குழந்தையைப் பராமரிக்கும் பொறுப்பில் உள்ளவர் ஆகியோருக்கு, ஒரு பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிந்தால் தகவல் தருவது கட்டாயக் கடமை. சொல்லாமல் விட்டால் அவர்கள்மீதே நடவடிக்கை வரும். இதைப் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். அதிகம் பேசப்படாத இன்னொரு பிரிவும் அதில் உண்டு. ஒரு பிள்ளை தனக்கோ தன் உடன்பிறந்தாருக்கோ வேறொரு பிள்ளைக்கோ நடக்கும் கொடுமையை அதிகாரிகளிடம் சொல்ல உதவி கேட்டால், வயது வந்த ஒவ்வொருவரும் உதவ வேண்டும். பக்கத்து ஃபிளாட் பையன் உங்கள் கதவைத் தட்டி, “ஆன்ட்டி, அப்பா தங்கச்சிய ரொம்ப அடிக்கிறாரு, யார்கிட்டயாவது சொல்லுங்க” என்றால், “அது உங்க வீட்டு விஷயம் கண்ணா, போய்ப் படு” என்று அனுப்பி வைக்க உங்களுக்கு உரிமை இல்லை.

எது கொடுமை?

பாலியல் தொந்தரவு என்றால் எல்லோருக்கும் புரிகிறது. அடியில்தான் தடுமாற்றம். ‘அடியாத மாடு படியாது’ என்று வளர்ந்தவர்கள் நாம். பெல்ட்டால் அடித்த தழும்போடு ஆறாம் வகுப்புப் பையன் பள்ளிக்குப் போகிறான், விளையாட்டு வகுப்பில் சட்டை மாற்றும்போது ஆசிரியர் பார்க்கிறார், மறுநாள் பெற்றோருக்கு அழைப்பு வருகிறது. அப்பாவுக்குக் கோபம்: “என் பிள்ளைய நான் அடிக்கிறேன், இவங்க யாரு கேக்க?” அந்த ஆசிரியர் உங்கள்மேல் பகை வைத்து எழுதவில்லை. எழுதாவிட்டால் அவர் மாட்டிக்கொள்வார். வளைகுடாவில் வீட்டு அடி வீட்டோடு முடிவதில்லை என்பதை ஊரிலிருந்து புதிதாகக் குடும்பத்தை அழைத்து வருபவர்கள் முதல் நாளே மனதில் போட்டுக்கொள்வது நல்லது. அடிப்பதால் பிள்ளை திருந்தும் என்பதே தவறு என்பது என் கருத்து. அந்த வாதத்தில் உங்களுக்கு உடன்பாடு இல்லாவிட்டாலும் சட்டம் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதாவது தெரிந்திருக்கட்டும்.

புறக்கணிப்பும் கொடுமைதான். இரண்டு பேரும் வேலைக்குப் போய்விட்டு, நான்கு வயதுக் குழந்தையைத் தூங்க வைத்துக் கதவைப் பூட்டிக்கொண்டு போவது. பன்னிரண்டாம் மாடி பால்கனி திறந்திருக்க, அண்ணன் பார்த்துக்கொள்வான் என்று விடுவது. காய்ச்சலுக்கு டாக்டரிடம் காட்டாமல் இழுத்தடிப்பது. எல்லாமே இதில் வரும். ‘சனியனே, உன்னாலதான் இந்த நாட்டுல வந்து கிடக்கோம்’ என்று தினமும் குத்திக்காட்டுவதும் சேரும். அதற்குத் தழும்பு தெரியாது என்பதால் வெளியே தெரிய நாளாகும், அவ்வளவுதான்.

யார் செய்கிறார்கள், எங்கே நடக்கிறது?

இந்தியாவில் மத்திய மகளிர் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-இல் வெளியிட்ட ஆய்வு, 13 மாநிலங்களில் பன்னிரண்டாயிரத்துக்கும் அதிகமான பிள்ளைகளிடம் பேசியது. பாதிக்கு மேற்பட்டவர்கள், 53 விழுக்காட்டினர், ஏதோ ஒரு வகைப் பாலியல் தொந்தரவைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். செய்தவர்களில் பாதிப் பேர் பிள்ளைக்குத் தெரிந்தவர்கள், பிள்ளையின் நம்பிக்கைக்கும் பொறுப்புக்கும் உரியவர்கள். இன்னொரு எண்ணையும் கவனியுங்கள்: தொந்தரவுக்கு ஆளானவர்களில் ஆண் பிள்ளைகள் பெண் பிள்ளைகளைவிடச் சற்று அதிகம். நம் வீடுகளில் பெண் பிள்ளைக்கு ஆயிரம் கட்டுப்பாடு. பையனை மட்டும் யார் வீட்டுக்கும் யாரோடும் அனுப்பிவிடுகிறோம்.

வளைகுடா வாழ்க்கைக்கு என்று சில இடுக்குகள் உண்டு. வாடகை தாங்காமல் ஒரே வில்லாவை, ஒரே ஃபிளாட்டைப் பார்ட்டிஷன் போட்டு இரண்டு மூன்று குடும்பங்கள் பிரித்துக்கொள்வது. ஹாலில் பெட் ஸ்பேஸ் எடுத்திருக்கும் பேச்சுலர் ‘அண்ணன்’. லைசன்ஸ் இல்லாமல் வீட்டிலேயே பேபி சிட்டிங் நடத்தும் ஆன்ட்டி. அவர் நல்லவராகவே இருக்கலாம், அவர் வீட்டுக்கு வந்து போகும் எல்லோரையும் உங்களுக்குத் தெரியாது. பள்ளி பஸ் கட்டணத்தை மிச்சம் பிடிக்கக் கார் லிஃப்ட். தனியறையில் டியூஷன், பாட்டு, ஓதிக்கொடுப்பது. ‘நம்ம ஊர்க்காரர்’ என்ற ஒரே சான்றிதழை வைத்துப் பிள்ளையை ஒப்படைக்கிறோம். பாட்டி, தாத்தா, அத்தை என்று கண் வைத்திருக்க ஆள் இல்லாத ஊரில் அந்தச் சான்றிதழ் போதாது.

பள்ளி பஸ்ஸும் விலக்கல்ல. 2010-இன் இறுதியில் துபாயில் நான்கு வயது இந்தியச் சிறுமி ஒருத்தி பள்ளி பஸ்ஸில் கொடுமைக்கு ஆளான வழக்கு ஊரையே உலுக்கியது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் அந்த பஸ்ஸில் வேலை செய்த இந்தியர்கள். பெற்றோர் ஒளித்து வைக்காமல் புகார் கொடுத்ததால்தான் அது வெளியே வந்தது.

இங்கே ஒரு கருத்து. பள்ளிகளில் ‘குட் டச், பேட் டச்’ வகுப்பு எடுக்கிறார்கள். நல்லதுதான், ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது. பிள்ளையை வசப்படுத்துகிறவன் முதல் நாளே முரட்டுத்தனமாகத் தொடுவதில்லை. சாக்லேட், மொபைல் கேம், தோளில் கை, ‘அம்மாகிட்ட சொல்லாத, நமக்குள்ள ரகசியம்’ என்று படிப்படியாக வருவான். அந்தத் தொடுதல் பிள்ளைக்குக் கெட்டதாகவே தோன்றாமல் இருக்கலாம். அதனால் தொடுதலைப் பற்றிச் சொல்லிக் கொடுப்பதோடு ரகசியத்தைப் பற்றியும் சொல்லிக் கொடுங்கள்: பெரியவர் யாராவது அம்மா அப்பாவிடம் மறைக்கச் சொன்னால், அதை அன்றைக்கே சொல்லிவிட வேண்டும், அப்படிச் சொன்னதற்காக ஒருநாளும் திட்டு விழாது. அதற்குப் பிறகும் தன்னைக் காத்துக்கொள்ளும் பொறுப்பைப் பிள்ளையின் தலையில் கட்டிவிடாதீர்கள். அது நம் வேலை.

எவ்வளவு காலம் நிற்கும்?

‘சின்ன வயசு, மறந்துடும்’ என்பது பெரியவர்கள் தங்களைச் சமாதானப்படுத்திக்கொள்ளும் பேச்சு. பிள்ளைக்கு நடந்ததைச் சொல்ல வார்த்தை இல்லாமல் இருக்கலாம். உடம்பு வைத்திருக்கும். நின்றுபோன படுக்கை நனைப்பு திரும்ப வரும். இரவில் அலறல். காரணமில்லாத வயிற்றுவலி; ஸ்கேன் எடுத்தால் ஒன்றும் இருக்காது. நன்றாகப் படித்த பிள்ளை திடீரென்று பின்தங்கும். ஒரு குறிப்பிட்ட வீட்டுக்குப் போகமாட்டேன் என்று அடம் பிடிக்கும். வயதுக்குப் பொருந்தாத பாலியல் பேச்சு, பொம்மைகளோடு அதே மாதிரி விளையாட்டு. வளர்ந்த பிள்ளை என்றால் கையைக் கீறிக்கொள்வது, சாப்பிடாமல் கிடப்பது, வீட்டை விட்டு ஓடுவது. இவற்றில் ஒன்று இருந்தால் கட்டாயம் கொடுமை நடந்திருக்கிறது என்று பொருள் அல்ல. பள்ளி மாறினாலும் தம்பி பிறந்தாலும் சில அறிகுறிகள் வரும். ஆனால் இரண்டு மூன்று சேர்ந்து, திடீரென்று வந்தால், உட்கார்ந்து கவனியுங்கள்.

பிறகு பல ஆண்டுகள் கழித்து என்ன ஆகிறது? அமெரிக்காவின் சான் டியேகோவில் வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா என்ற இரு மருத்துவர்கள் 1998-இல் வெளியிட்ட ஆய்வு இதில் ஒரு திருப்புமுனை. ஆயிரக்கணக்கான நடுவயதினரிடம் அவர்களுடைய பிள்ளைப் பருவத்தைக் கேட்டார்கள்: அடி, பாலியல் தொந்தரவு, வசவு, வீட்டில் குடி, அம்மா அடி வாங்குவதைப் பார்த்தது என்று. இவற்றில் நான்கோ அதற்கு மேலோ அனுபவித்தவர்களுக்கு, எதுவும் இல்லாதவர்களைவிடக் குடிநோய், போதை, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவை நான்கு முதல் பன்னிரண்டு மடங்கு வரை அதிகமாக இருந்தன. மனநோய் மட்டுமல்ல, இதயநோய், புற்றுநோய், நுரையீரல் நோய் ஆகியவையும் கூடின. ஓயாத பயத்தில் வளரும் உடம்பு எப்போதும் ஆபத்துக்குத் தயாராகவே இருக்கிறது. அந்தத் தயார்நிலைக்கான சுரப்புகள் பிள்ளை மூளை வளரும் விதத்தையும் நோய் எதிர்ப்பையும் மாற்றிவிடுகின்றன.

அது மேலை நாட்டுக் கதை என்று தள்ளிவிட முடியாது. சவூதி அரேபியாவில் தேசியக் குடும்பப் பாதுகாப்புத் திட்டம் என்ற அமைப்பு 2005 முதல் இயங்குகிறது. டாக்டர் மஹா அல்முனீஃப் தலைமையில் அது அந்நாட்டின் 13 மாகாணங்களிலும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பெரியவர்களிடம் இதே கேள்விகளைக் கேட்டது. பிள்ளைப் பருவத் துன்பங்களின் எண்ணிக்கை கூடக்கூட நாட்பட்ட நோய்களும் மனநோயும் போதைப் பழக்கமும் கூடுவதையே அங்கும் கண்டார்கள்.

இந்தப் பகுதியை வாசித்து, தன் பிள்ளைக்கு இனி விடிவே இல்லை என்று எந்தத் தாயும் கலங்க வேண்டாம். ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்லும் இன்னொன்று இருக்கிறது. ஒரு பிள்ளை எவ்வளவு தேறுகிறது என்பது நடந்த சம்பவத்தை மட்டும் பொறுத்ததல்ல. சொன்னபோது வீட்டில் நம்பினார்களா, பக்கத்தில் நின்றார்களா என்பதையும் பெருமளவு பொறுத்தது. மூடி மறைத்த வீட்டில் வளர்ந்தவர்கள் பின்னாளில் கொடுமை செய்தவனைப் பற்றிப் பேசுவதைவிட, ‘அம்மாவுக்குத் தெரியும், ஒண்ணும் சொல்லல’ என்பதைத்தான் அதிகம் பேசுகிறார்கள். முதல் காயத்தை நம்மால் தடுக்க முடியாமல் போயிருக்கலாம். இரண்டாவதைத் தடுப்பது முழுக்க நம் கையில்.

ஏன் வாய் திறப்பதில்லை?

ஊரில் இருக்கும் காரணங்கள் எல்லாம் இங்கேயும் உண்டு: மானம், பெண் பிள்ளையின் கல்யாணம், ‘நம்ம ஆளு’ என்ற பாசம். வளைகுடாவில் அவற்றின்மேல் விசா என்ற ஒன்று ஏறி உட்கார்ந்துகொள்கிறது. போலீஸுக்குப் போனால் நம்மையே கேன்சல் பண்ணி அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் இங்குள்ள தமிழர்களிடம் பரவலாக இருக்கிறது. பிள்ளைக்கு நடந்த கொடுமையைப் புகார் செய்த பெற்றோரை நாடு கடத்தச் சொல்லும் சட்டம் எதுவும் இல்லை. குற்றம் நிரூபிக்கப்பட்ட வெளிநாட்டவர்தான் தண்டனைக்குப் பின் பொதுவாக நாடு கடத்தப்படுகிறார்.

செய்பவர் குடும்பத் தலைவராகவே இருந்தால்தான் சிக்கல் உண்மையில் பெரிது. மனைவி, பிள்ளைகள் விசா அவர் பெயரில். சம்பளம் அவருடையது. ஃபிளாட் கம்பெனியுடையது. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து வாயை மூடிக்கொண்ட தாய்மார்களைக் கோழைகள் என்று சொல்ல நான் தயாராக இல்லை. ஆனால் அவர்கள் நினைப்பதைவிட வழிகள் அதிகம். 2018 அக்டோபரில் அமீரகம் விசா விதிகளைத் திருத்தி, விவாகரத்தானவரும் கணவனை இழந்தவரும் பிள்ளைகளோடு ஸ்பான்சர் இல்லாமலே ஓராண்டு தங்க வழி செய்தது. துபாயில் 2007 முதல் இயங்கும் பெண்கள் குழந்தைகள் நல அறக்கட்டளை தாயையும் பிள்ளையையும் சேர்த்தே தங்க வைக்கிறது. அதன் எண் 800111. அபுதாபியில் ஈவா காப்பகம் உண்டு. துபாயில் இந்தியத் துணைத் தூதரகத்தின் உதவி மையத்தை 80046342 என்ற கட்டணமில்லா எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம். பாஸ்போர்ட் கணவர் கையில் இருந்தாலும், ஊருக்குப் போக டிக்கெட் இல்லாவிட்டாலும் கேட்க வேண்டிய இடம் அதுதான்.

மூன்றாவது தடை, ‘ஆதாரம் இல்லையே’ என்பது. அது உங்களிடம் இருக்க வேண்டியதே இல்லை. கண்டுபிடிப்பது அவர்கள் வேலை. நியாயமான சந்தேகம் இருந்தால் போதும். தகவல் தந்தவர் யார் என்பதை அவர் சம்மதமில்லாமல் வெளியிடக் கூடாது என்று வதீமா சட்டம் சொல்கிறது. தெரிந்தே பொய்ப் புகார் கொடுத்தால் அது குற்றம். ஆகவே பார்த்ததையும் கேட்டதையும் மட்டும் சொல்லுங்கள், யூகத்தைச் சேர்க்காதீர்கள். ‘அவன் பார்வையே சரியில்லை’ என்பதைவிட, ‘மூன்று நாளாக இரவு பதினொரு மணிக்குப் பிள்ளை அலறும் சத்தம் கேட்டது, நேற்று லிஃப்ட்டில் அவன் கையில் சிகரெட்டால் சுட்ட மாதிரி வட்டத் தழும்புகள் பார்த்தேன்’ என்பது அதிகாரிக்குப் பயன்படும்.

பிள்ளை உங்களிடம் சொல்லிவிட்டால்

அந்த முதல் ஐந்து நிமிடம் முக்கியம். முகத்தில் அதிர்ச்சியைக் காட்டாதீர்கள். பிள்ளை உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் அடுத்த வாக்கியத்தைச் சொல்வதா வேண்டாமா என்று முடிவு செய்யும். “சொன்னது ரொம்ப நல்லதுடா கண்ணு. நான் நம்புறேன். உன்மேல எந்தத் தப்பும் இல்ல.” இந்த மூன்றும் போதும். “ஏன் அப்பவே சொல்லல?”, “நீ ஏன் அங்க போன?” இரண்டையும் விழுங்கிவிடுங்கள். “யார்கிட்டயும் சொல்லமாட்டேன்” என்று வாக்குக் கொடுக்காதீர்கள். காப்பாற்ற முடியாத வாக்கு அது. “உன்னைப் பத்திரமா வச்சுக்க உதவி பண்றவங்ககிட்ட மட்டும் சொல்வேன்” என்பது உண்மை, அதைச் சொல்லுங்கள்.

துருவாதீர்கள். அம்மா ஒரு முறை, அப்பா ஒரு முறை, பிறகு மாமா ஃபோனில் ஒரு முறை என்று கேட்டுக் கேட்டு, பிள்ளையின் சொற்கள் தேய்ந்து பெரியவர்களின் சொற்கள் ஏறிவிடும். அப்புறம் விசாரணையில் ‘சொல்லிக் கொடுத்த மாதிரி இருக்கிறது’ என்பார்கள். செல்ஃபோனில் வீடியோ எடுக்க வேண்டாம். பிள்ளை சொன்ன சொல்லையே, கொச்சையாக இருந்தாலும் மாற்றாமல், தேதி நேரத்தோடு எழுதி வையுங்கள். சம்பவம் சமீபத்தில், அதாவது 72 மணி நேரத்துக்குள் நடந்திருந்தால், குளிப்பாட்டாதீர்கள். உடைகளைத் துவைக்காமல் காகிதப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். தொற்றுத் தடுப்பு மருந்துகள் அந்த நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் பலன் தரும். மருத்துவர் போலீஸுக்குத் தெரிவிப்பார். அது அவர் கடமை, பயப்பட வேண்டாம். 72 மணி தாண்டிவிட்டாலும் மருத்துவரிடம் போகத்தான் வேண்டும்.

செய்தவரை நேரில் போய்ச் சட்டையைப் பிடிக்க வேண்டும் என்று கை பரபரக்கும். வேண்டாம். அவர் விழித்துக்கொள்வார், மொபைலை அழிப்பார், அடுத்த ஃபிளைட்டில் ஊருக்குப் போய்விடுவார். கைகலப்பில் வழக்கு உங்கள்மேல் திரும்பும். பஞ்சாயத்தும் வேண்டாம். சங்கத் தலைவரை வைத்துப் பேசி, அவரை வேறு எமிரேட்டுக்கு மாற்றல் வாங்கிப் போகச் சொல்லி ‘முடித்து வைக்கும்’ பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அவர் போகும் ஊரிலும் பிள்ளைகள் இருக்கும்.

அழைப்பு

அமீரகத்தில் உள்துறை அமைச்சகத்தின் குழந்தைப் பாதுகாப்பு மையம் 2011-இல் தொடங்கியது. அதன் எண் 116111. ‘ஹிமாயதி’ என்ற மொபைல் செயலி வழியாகவும் தகவல் தரலாம். இந்த நிமிடம் ஆபத்து நடக்கிறது என்றால் 999. ஷார்ஜாவில் இருப்பவர்கள் சமூக சேவைத் துறையின் 800700-ஐயும் அழைக்கலாம். பள்ளியில் நடந்திருந்தால் கவுன்சலரிடம் எழுத்தில் கொடுத்து ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். அதோடு நிற்காமல் நீங்களும் நேரே அழையுங்கள். பள்ளிக்குத் தன் பெயரைப் பற்றிய கவலை இருக்கும், உங்களுக்கு அது தேவையில்லை.

மற்ற நாடுகளில் இருப்பவர்களுக்கு: சவூதியில் குழந்தை உதவி எண்ணும் 116111-தான், குடும்ப வன்முறைக்கு 1919. அங்கே 2014-இல் குழந்தைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கத்தாரில் அமான் மையம், 919. குவைத்தில் 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 147. பஹ்ரைனில் 998. ஓமனில் 1100, அங்கும் 2014 முதல் தனிச் சட்டம் இருக்கிறது. உங்கள் நாட்டு எண்ணை இப்போதே ஃபோனில் பதிந்து வையுங்கள். தேவைப்படும் நேரத்தில் இந்தப் புத்தகம் எந்த அட்டைப்பெட்டியில் கிடக்குமோ.

எதிர்முனையில் அரபியிலோ ஆங்கிலத்திலோ பேசுவார்கள். இடம், பிள்ளையின் வயது, என்ன பார்த்தீர்கள், செய்பவர் இப்போது பிள்ளையோடு இருக்கிறாரா என்ற நான்கும் முதலில். ஆங்கிலம் தடுமாறினால் கூச்சப்படாமல் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். இந்தியர் என்றால் இந்தி தெரியும் என்று எடுத்துக்கொள்வது இங்கே வழக்கம். பாதி புரிந்த இந்தியில் பிள்ளையின் வாக்குமூலத்தைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். அரபியில் எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லாமல் கையெழுத்தும் போடாதீர்கள்.

அமீரகத்தில் அதன்பின் குழந்தைப் பாதுகாப்பு நிபுணர் ஒருவர் விசாரிக்க வருவார். வீட்டில் உடனடி ஆபத்து என்று அவர் கண்டால் முன் அனுமதி இல்லாமலே பிள்ளையை வெளியே எடுத்து, 24 மணி நேரத்துக்குள் நீதிமன்ற ஆணை கேட்க முடியும். ‘பிள்ளையப் பிடுங்கிட்டுப் போயிடுவாங்க’ என்று ஊரில் பேசுவது இதைத்தான். அது கடைசிக் கட்டம். ஆபத்து அந்த அளவில் இல்லாவிட்டால், பிள்ளையைப் பெற்றோரிடமே வைத்து, நிபந்தனைகள் போட்டு, ஆலோசனை கொடுத்து, தொடர்ந்து கண்காணிப்பதையே வதீமா சட்டம் முதல் வழியாக வைத்திருக்கிறது.

வாட்ஸாப் விஷயத்தில் எச்சரிக்கை. ‘இந்த ஆள் ஜாக்கிரதை’ என்று ஃபோட்டோவோடு பில்டிங் குரூப்பில் போட்டு, ஐந்நூறு பேர் ஃபார்வர்டு செய்வது நமக்குப் பழக்கமாகிவிட்டது. அமீரகத்தின் 2021-ஆம் ஆண்டு 34-ஆம் எண் சைபர் குற்றச் சட்டப்படி ஒருவரை இழிவுபடுத்திப் பதிவிடுவதும் அவர் படத்தை அனுமதியின்றிப் பரப்புவதும் குற்றம். நியாயம் உங்கள் பக்கமே இருந்தாலும் நீங்கள் எதிரியாகிவிடுவீர்கள். அதைவிடப் பெரிய கேடு: எந்த பில்டிங், எந்தப் பள்ளி என்று போட்டவுடன் பிள்ளை யார் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

ஊரில் நடந்திருந்தால்

ஜூலை, ஆகஸ்ட் விடுமுறையில் பிள்ளையைப் பாட்டி வீட்டில் விட்டுவிட்டு வருகிறோம். திரும்பி வந்தபின் செப்டம்பரில் பிள்ளை வாய் திறக்கிறது: சித்தப்பா வீட்டில், அல்லது மாடி வீட்டு அண்ணன். இந்தியாவில் பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கிறது. தெரிந்தும் சொல்லாமல் இருப்பது அங்கே யாருக்கும் குற்றம், ஆசிரியருக்கும் மருத்துவருக்கும் மட்டுமல்ல. ஆறு மாதம் வரை சிறை உண்டு. இந்தியாவுக்குள் இருந்து 1098-ஐ அழைக்கலாம். சொந்தக்காரர் ஒருவர் மூலம் சம்பவம் நடந்த பகுதியின் அனைத்து மகளிர் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். சென்னையில் 2004 முதல் இயங்கும் ‘துளிர்’ அமைப்பு குழந்தைப் பாலியல் கொடுமை ஒன்றிலேயே வேலை செய்வது. என்ன செய்வதென்று தெரியாத பெற்றோர் முதலில் கேட்கத் தகுந்த இடம். கொடுமை இங்கே நடந்து, செய்த இந்தியர் ஊருக்கு ஓடிவிட்டாலும் கதை முடிந்துவிடவில்லை. வெளிநாட்டில் இந்தியர் செய்த குற்றத்தை இந்திய நீதிமன்றம் மத்திய அரசின் அனுமதியோடு விசாரிக்கலாம். அதற்கும் இங்கே கொடுத்த புகாரின் நகல் வேண்டும்.

இலங்கைத் தமிழருக்கு 1998-ஆம் ஆண்டின் 50-ஆம் எண் சட்டப்படி அமைந்த தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை இருக்கிறது. எண் 1929, தமிழிலும் பேசலாம். பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு வீட்டு வேலைக்கு இங்கே வந்திருக்கும் தாய்மார் இந்த எண்ணைப் பிள்ளையின் வகுப்பாசிரியரிடமும், நம்பிக்கையான அயலவர் ஒருவரிடமும் கொடுத்து வையுங்கள். பிள்ளையோடு வாரம் ஒரு முறையாவது, பக்கத்தில் யாரும் இல்லாத நேரத்தில், வீடியோவில் பேசுங்கள். ஸ்பீக்கரில் எல்லோர் முன்பும் பேசும் பிள்ளை ‘நல்லா இருக்கேன் அம்மா’ என்றுதான் சொல்லும்.

இதை வாசிக்கும் பெரியவர்களில் சிலருக்குத் தங்கள் கதையே நினைவுக்கு வந்திருக்கலாம். 2012 நவம்பருக்குப் பின் நடந்ததென்றால், உங்களுக்கு இப்போது எத்தனை வயதானாலும் போக்சோவின்கீழ்ப் புகார் கொடுக்கலாம். அதற்குக் கால வரம்பு இல்லை என்று 2018-இல் மத்திய அரசு தெளிவுபடுத்தியது. அதற்கு முந்தையது என்றாலும், அந்த ஆள் இன்னும் பிள்ளைகள் நடுவே இருக்கிறார் என்றால் ஒரு வக்கீலிடம் கேளுங்கள். வழக்கு வேண்டாம், தூக்கம் வந்தால் போதும் என்பவர்கள் ஊருக்குப் போகும்போது 14416-ஐ அழைக்கலாம். இந்திய அரசின் டெலிமானஸ் சேவை, தமிழில் பேசுவார்கள், பணம் கேட்கமாட்டார்கள். பெயர் சொல்லித்தான் பேச வேண்டும் என்பதில்லை.